இரவில் எட்டிய சென்னைக் குரல்

செகந்தராபாத் கண்டோன்மென்டை ஒட்டிய திருமுல்கேரியில் வாழ்ந்த தமிழராகிய நமக்கு, 1935-இல் தொடங்கிய நிஜாமின் தக்காண வானொலி அருகிலிருந்தும் பெரும்பாலும் உருதுவே பேசிற்று. தமிழுக்குச் சென்னையையே நாட வேண்டும். பகலில் கிட்டாத அந்நிலையம் இரவில் எட்டியது எவ்வாறு?

1924-இல் கிருஷ்ணசாமிச் செட்டியார் நிறுவிய சென்னை வானொலிக் கழகமும், 1938 ஜூன் 16-இல் பிறந்த சென்னை நிலையமும் கையாண்டது வீச்சுப் பண்பேற்றம். பேச்சுக்கேற்ப ஊர்தியலையின் வீச்சு கூடும், குறையும். அதிலிருந்து குரலை மீட்பது பண்பிறக்கம். அக்காலத்தில் அதற்கு மெல்லிய கம்பி தொடும் ஒரு கலீனாப் படிகமே போதுமாயிருந்தது! மின்னலும் வீச்சையே குலைப்பதால் கரகரப்பும் உடன்வரும். ஆயினும் பகலில் மத்திய அலையை விழுங்கும் அயனி அடுக்கு இரவில் மங்கிவிட, அதற்கு மேலுள்ள அடுக்கு அவ்வலையை மண்ணுக்குத் திருப்பியனுப்பும். ஏறத்தாழ 500 கிலோமீட்டர் கடந்து தமிழ் வந்தது அவ்வழியே.

ஆம்ஸ்ட்ராங் 1933-இல் காப்புரிமை பெற்ற அதிர்வெண் பண்பேற்றம் கரகரப்பைப் பெரிதும் ஒழித்தது. இந்தியாவில் அது முதன்முதல் ஒலித்ததும் சென்னையிலேதான், 1977 ஜூலை 23 அன்று. ஆனால் அதற்குரிய மிகுயர் அதிர்வெண் அலைகள் அயனி மண்டலத்தை ஊடுருவி மேலே போய்விடும். தொடுவானத்துக்கப்பால் அதிகம் செல்லா. அத்தெளிவு சென்னை நகரத்தாருக்கே வாய்த்தது. திருமுல்கேரிக்கு வந்ததோ மத்திய அலையின் கரகரத்த குரல்தான்.