பட்டினி போடும் புரதமும் சுவர் உடைக்கும் புரதமும்

தாய்ப்பாலில் பாக்டீரியாவே கிடையாது என்று நினைப்பது தவறு. தாயின் தோலிலிருந்தும் குழந்தையின் வாயிலிருந்தும் அவை வந்து கலந்துகொண்டே இருக்கின்றன. வெதுவெதுப்பு, சர்க்கரை, கொழுப்பு, புரதம் என்று அவை பெருகத் தேவையான எல்லாமே அங்கே தயாராக இருக்கிறது. ஆனாலும் நோய்க் கிருமிகள் இஷ்டத்துக்குப் பெருகிவிடுவதில்லை. அதற்கான காரணங்கள் பல. அவற்றில் லாக்டோஃபெரின், லைசோசைம் என்ற இரண்டு புரதங்களை மட்டும் இங்கே அருகருகே வைத்துப் பார்ப்போம். கண்ணீரிலும் உமிழ்நீரிலும்கூட இருக்கும் இவை இரண்டையும் ‘கிருமி எதிர்ப்புப் புரதங்கள்’ என்று ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிடுவது வழக்கம். உண்மையில் இவற்றின் வழி வேறு, குறி வேறு, காலமும் வேறு.

கண்ணில் பட்ட விதம்

லைசோசைம் தன் செயலால் வெளிப்பட்டது. 1921ஆம் ஆண்டின் இறுதியில் லண்டனில் அலெக்சாண்டர் ஃபிளெமிங், ஜலதோஷம் பிடித்திருந்த தன் மூக்குச் சளியையே வளர்ப்புத் தட்டில் இட்டு ஆராய்ந்தார். தட்டெங்கும் மஞ்சள் புள்ளிகளாகப் பாக்டீரியாக் கூட்டங்கள் முளைத்திருந்தன. சளியை ஒட்டியிருந்தவை மட்டும் கரைந்து, அந்த இடம் கண்ணாடிபோல் தெளிந்திருந்தது. பெனிசிலினைக் கண்டறிவதற்கு 6 ஆண்டுகள் முன்பாகவே, 1922இல், இதை அவர் உலகுக்கு அறிவித்துவிட்டார்.

லாக்டோஃபெரின் தன் நிறத்தால் வெளிப்பட்டது. 1939இல் பசும்பாலில் ஒரு சிவப்புப் புரதம் இருப்பது பதிவானது. 1960இல் அது தாய்ப்பாலிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. அந்தச் சிவப்பு, அது பிடித்துவைத்திருந்த இரும்பின் நிறம்.

செயல்படும் விதம்

லாக்டோஃபெரின் ஏறத்தாழ 690 அமினோ அமிலங்கள் கொண்ட பெரிய புரதம். அதற்கு இரண்டு மடல்கள். ஒவ்வொரு மடலும் ஓர் இரும்பு அணுவை இறுகப் பற்றிக்கொள்ளும். தாய்ப்பாலில் இந்த மடல்கள் பெரும்பாலும் காலியாகவே வருகின்றன. ஈ.கோலி போன்ற பாக்டீரியாக்களுக்கு இரும்பு இல்லாமல் வளர்ச்சி இல்லை. அக்கம்பக்கத்து இரும்பையெல்லாம் லாக்டோஃபெரின் வாரிக்கொள்வதால் அவை பட்டினி கிடக்கின்றன. புல்லனும் அவரது சக ஆய்வாளர்களும் 1972இல் லண்டனில் இதைச் சோதனைக் குழாயில் தெளிவாகக் காட்டினார்கள். எதிர்ப்பொருளோடு சேர்ந்த லாக்டோஃபெரின் ஈ.கோலியின் பெருக்கத்தை அடக்கியது. அதே புரதத்துக்குத் தேவையான அளவு இரும்பை ஊட்டி நிரப்பிவிட்டால் அடக்கும் ஆற்றல் போய்விட்டது. ஆக, அங்கே பாக்டீரியாவைத் தடுத்தது இரும்புப் பஞ்சம்தான்.

லைசோசைம் 130 அமினோ அமிலங்களே கொண்ட சிறிய நொதி. பாக்டீரியாவின் செல்சுவர் என்பது இருவகைச் சர்க்கரைகளை மாறி மாறிக் கோத்த இழைகளால் பின்னிய வலை. அந்தச் சர்க்கரைகளுக்கு இடையிலான இணைப்புகளை லைசோசைம் அறுக்கிறது. வலை கிழிந்ததும் உள்ளழுத்தம் தாங்காமல் பாக்டீரியா வெடித்துச் சிதறுகிறது.

இருவேறு தொழில்கள் என்பதால் தேவைப்படும் அளவும் வேறு. லாக்டோஃபெரின் இரண்டு இரும்பு அணுக்களைப் பிடித்ததும் அதன் கை நிறைந்துவிடும். எனவே எண்ணிக்கையில் நிறைய வேண்டும். லைசோசைமோ ஓர் இணைப்பை அறுத்துவிட்டு அடுத்ததற்குப் போகும். ஒரு லிட்டர் சீம்பாலில் லாக்டோஃபெரின் 5 முதல் 7 கிராம் வரை இருக்க, லைசோசைம் அரை கிராமுக்கும் குறைவாகவே இருக்கிறது.

தனியே குறை, சேர்ந்தால் நிறை

லைசோசைமுக்கு ஒரு பெரிய தடை உண்டு. ஈ.கோலி உள்ளிட்ட கிராம் எதிர்மறைப் பாக்டீரியாக்களின் செல்சுவருக்கு வெளியே இன்னொரு சவ்வு போர்த்தியிருக்கிறது. லைசோசைம் அதைத் தாண்ட முடியாமல் வெளியே நின்றுவிடும். லாக்டோஃபெரின் பட்டினி போடுவதோடு நிற்காமல், அந்த வெளிச்சவ்விலும் ஒட்டி அதன் மூலக்கூறுகளைக் கழற்றிவிடுகிறது. அந்தத் திறப்பின் வழியே லைசோசைம் உள்ளே புகுந்து சுவரை அறுக்கிறது. தனித்தனியே கொல்ல முடியாத பாக்டீரியாக்களை இரண்டும் சேர்ந்து கொல்வதை 1991இல் எலிசன், கீல் என்ற ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

அதே பாலில் குழந்தைக்கு நன்மை செய்யும் பிஃபிடோ பாக்டீரியாக்கள் மட்டும் செழிக்கின்றன. அவற்றுக்கு இரும்பு குறைவாக இருந்தாலே போதும். குழந்தைகளின் குடலில் வாழும் வகைகள் பல லைசோசைமையும் தாங்கி நிற்கின்றன.

இந்த இரண்டு புரதங்களில் ஒன்றைப் பிரித்தெடுத்து மருந்தாகக் கொடுத்தால் என்ன? பிரிட்டனில் 32 வாரத்துக்கு முன்பே பிறந்த 2,203 குழந்தைகளை வைத்து நடந்த பெரிய ஆய்வில் பசும்பால் லாக்டோஃபெரினைக் கொடுத்துப் பார்த்தார்கள். நோய்த்தொற்று குறையவில்லை என்று 2019இல் முடிவு வெளியானது. பசுவின் லாக்டோஃபெரின் மனித லாக்டோஃபெரினை அப்படியே ஒத்ததல்ல என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். எனினும் கூட்டாக வேலை செய்யும் பொருள்களில் ஒன்றைத் தனியே பிரித்து, முழுப்பலனையும் எதிர்பார்க்கலாகாது என்றே எனக்குத் தோன்றுகிறது.

சூடும் இவற்றை ஒன்றுபோல் பாதிப்பதில்லை. தாய்ப்பால் வங்கிகளில் தானப் பாலை 62.5 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்குகிறார்கள். அதில் லாக்டோஃபெரினின் பெரும்பகுதி போய்விடுகிறது. லைசோசைம் அதைவிட நன்றாகத் தாங்குகிறது. தானப் பால் குறைமாதக் குழந்தைகளுக்குக் கிடைத்தற்கரிய உதவிதான். ஆனால் பெற்ற தாயின் பால் சிறிதளவே கிடைத்தாலும் அதை முதலில் கொடுக்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

இரண்டு காலங்கள்

லாக்டோஃபெரின் சீம்பாலில் உச்சத்தில் இருந்து, பிறகு லிட்டருக்கு 1 முதல் 3 கிராம் வரை இறங்குகிறது. லைசோசைமோ மாதங்கள் செல்லச் செல்லக் கூடுகிறது. நம் ஊரில் இன்னும் கேட்கும் இரண்டு பேச்சுகளுக்கு இந்த இறக்கமும் ஏற்றமுமே பதில். மஞ்சளாகக் கெட்டியாக வரும் முதல் பால் ஆகாது என்று பீய்ச்சி ஊற்றும் வீடுகள் இன்றும் உண்டு. அங்கே கீழே போவது லாக்டோஃபெரின் மிகச் செறிந்த பால். ஆறு மாதத்துக்குப் பிறகு வருவது வெறும் தண்ணீர்ப் பால் என்றும் சொல்வார்கள். குழந்தை தவழ்ந்துபோய் தரையில் கிடப்பதையெல்லாம் வாயில் வைக்கும் பருவம் அது. அந்தப் பருவத்துப் பாலில்தான் லைசோசைம் ஏறிக்கொண்டிருக்கிறது.