துன்பப்படுகிறவர்களும் துன்புறுத்தப்படுகிறவர்களும்

1

ஒண்டிக்கடையில் பஸ்ஸை விட்டு இறங்கி எஸ்டேட் பாதையில் முக்கால் மணி நேரம் நடந்தால் என் ஆயா குடியிருந்த லைன் வீடு வரும். தாத்தா காலத்தில் சேலத்துச் சமவெளியிலிருந்து காப்பித் தோட்ட வேலைக்கு மலையேறி வந்த பறையர் குடும்பம் எங்களுடையது. மலைக்கு வந்த பிறகு தாத்தா வேதத்தில் சேர்ந்தார். அவருடைய அண்ணன் சேரவில்லை. ஆயாவுக்கு எழுத்து தெரியாது. கோயிலில் காதால் கேட்டதுதான் அவளுடைய பைபிள். எடைபோடும்போது பழம் குறைகிறது என்று கூலியில் பிடித்தாலும், மேஸ்திரி கேவலமாகப் பேசினாலும், மழைக்காலத்தில் லைன் வீடு முழுக்க ஒழுகினாலும் அவளிடம் ஒரே பதில்தான் இருந்தது. "கஷ்டப்படறவங்களுக்குத்தாங் கண்ணு பாக்கியம். ஆண்டவரே சொல்லியிருக்காரு."

தமிழ் எம்.ஏ. படிக்கிற காலத்தில் இந்தப் பதில் எனக்குப் பெரும் எரிச்சலாக இருந்தது. பலவீனர்கள் தங்கள் பலவீனத்தையே அறமாக மாற்றிக்கொள்கிறார்கள், பழிவாங்க முடியாதவர்களின் வன்மம்தான் கிறிஸ்தவப் பொறுமையாகப் பெயர் மாறுகிறது என்று நீட்ஷே 1887இல் எழுதிய கருத்தை அப்போதுதான் படித்திருந்தேன். எனக்குத் தெரிந்த மாதிரி ஆயாவிடம் அதை விளக்கினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அந்த ஆளை யாராச்சும் அடிச்சிருக்காங்களா கண்ணு?" என்று மட்டும் கேட்டாள். அன்றைக்கு அதை ஒரு அறியாமையாக எடுத்துக்கொண்டேன்.

2022 மே மாதம் ஆயாவின் நினைவுப் பூசைக்கு மலைக்குப் போயிருந்தேன். அந்த மாதம் 15ஆம் தேதி ரோமாபுரியில் போப் பிரான்சிஸ் தேவசகாயத்தைப் புனிதராக அறிவித்திருந்தார். பிரசங்கம் முழுக்க அவர் கதைதான். துன்பத்தைப் பொறுமையோடு ஏற்றுக்கொண்டார், ஆசீர்வாதம் பெற்றார், நாமும் நம் கஷ்டங்களை அப்படி ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று முடித்தார் சாமியார். என்னைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் தினக்கூலிகள். தேவசகாயத்தின் துன்பத்தையும் இவர்களின் துன்பத்தையும் ஒரே சொல்லில் கட்டிவிடுவது நியாயம்தானா என்ற கேள்வியோடு மலையிறங்கினேன். இந்தக் கட்டுரை அந்தக் கேள்விதான்.

2

முதலில் சொல்லைப் பார்க்கலாம். மலைப்பிரசங்கத்தில் நீதிக்காகத் துன்பம் அனுபவிப்பவர்களைப் பற்றி வருகிற வாக்கியத்தை 1871இன் பழைய திருப்புதல் 'துன்பப்படுகிறவர்கள்', 'பாக்கியவான்கள்' என்ற சொற்களால் தமிழாக்கியது. புரோட்டஸ்டண்ட் சபைகளில் இன்றும் அதுதான் வாசிக்கப்படுகிறது. 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் 'துன்புறுத்தப்படுவோர்', 'பேறுபெற்றோர்' என்கிறது.

வடமொழி நீங்கித் தமிழ் வந்தது என்பதோடு இதை விட்டுவிடக் கூடாது. இலக்கணத்தைக் கவனிக்க வேண்டும். துன்பப்படுதல் தன்வினை. மழையில் நனைவதுபோல, முதுமை அடைவதுபோல, துன்பம் அங்கே தானாக நிகழ்ந்துவிடுகிறது. துன்புறுத்தப்படுதல் செயப்பாட்டுவினை. எழுவாய் மறைந்திருந்தாலும் எங்கோ ஒரு செய்பவன் இருந்தே ஆக வேண்டும். 'யாரால்?' என்ற கேள்வியைத் தவிர்க்க முடியாது. கிரேக்க மூலத்தில் இருப்பதும் விரட்டுதல், துரத்துதல் என்று பொருள்படும் வினையின் செயப்பாட்டு வடிவமே. அடுத்த வசனத்திலேயே பழைய திருப்புதலும் துன்பப்படுத்துகிறவர்களைக் கொண்டுவந்துவிடுகிறது என்பது உண்மை. ஆனால் மக்கள் நாக்கில் தங்கியது முதல் வசனம்தான். அதிலும் 'நீதிக்காக' என்ற நிபந்தனை உதிர்ந்துபோய், கஷ்டப்பட்டாலே பாக்கியம் என்றாகிவிட்டது.

பாக்கியத்துக்குள் பாகம் இருக்கிறது. அவனவனுக்கு வகுக்கப்பட்ட பங்கு என்ற அர்த்தத்தில் அது விதிக்குப் பக்கத்தில் நிற்கிறது. பேறு அப்படியில்லை. பெறுவதால் வருவது அது. பிள்ளைப்பேறு, பேறுகாலம் என்கிறோம். வலியைத் தாண்டி ஒன்று கையில் வர வேண்டும். வலி மட்டுமே மிஞ்சினால் அதைப் பேறு என்று யாரும் சொல்வதில்லை.

3

இந்த வேறுபாட்டை வைத்துக்கொண்டு தேவசகாயத்தின் வரலாற்றுக்குப் போகலாம். 1712இல் இன்றைய குமரி மாவட்டத்து நட்டாலத்தில் பிறந்தவர் நீலகண்ட பிள்ளை. நாயர் சாதி. மார்த்தாண்ட வர்மாவின் திருவிதாங்கூரில் அரசு அலுவலர். 1741 குளச்சல் போரில் பிடிபட்டு, பின்பு அதே மன்னரின் படைக்குப் பயிற்சியளித்த டச்சுக் கேப்டன் டிலனாய் வழியாகக் கிறிஸ்தவம் அவருக்கு அறிமுகமாகிறது. 1745இல் நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் இயேசு சபைச் சாமியார் புட்டாரியிடம் ஞானஸ்நானம். லாசரஸ் என்ற பெயரின் தமிழ்தான் தேவசகாயம். 1749இல் கைது. 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழியை ஒட்டிய காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். எலும்புகள் கோட்டாறு சவேரியார் கோயிலில் அடக்கம் செய்யப்பட்டன.

மார்த்தாண்ட வர்மா மதத்துக்காக யாரையும் தண்டித்ததில்லை, இது அரசுத் துரோக வழக்கு என்று வாதாடும் வரலாற்றாசிரியர்கள் உண்டு. மதத்துக்காகவே கொல்லப்பட்டார் என்பது திருச்சபையின் நிலை. இந்த 'இதுவா அதுவா' என்கிற கேள்வியே நவீன காலத்துக் கேள்வி. 1750 ஜனவரியில், அதாவது தேவசகாயம் சிறைப்பட்டிருந்த காலத்தில், மார்த்தாண்ட வர்மா தன் நாட்டையே பத்மநாபசாமிக்குத் திருப்படித்தானமாக எழுதிவைத்து, இறைவனின் தாசனாக ஆளத் தொடங்கினார். நாடே கோயில் சொத்தாகிவிட்ட இடத்தில் மதத் துரோகத்தையும் அரசுத் துரோகத்தையும் எந்தக் கத்தியால் பிரிப்பது? அந்த நாட்டைக் கட்டி நிறுத்திய சாதி ஒழுங்கையும் இதிலிருந்து பிரிக்க முடியாது. எல்லாச் சாதியாரும் சமம் என்று அவர் வற்புறுத்தியதே மேல்சாதியாரின் வெறுப்புக்குக் காரணம் என்று புனிதர் பட்டத்தின்போது ரோமாபுரி தந்த வாழ்க்கைக் குறிப்பும் சொல்கிறது.

தண்டனையின் வடிவத்தைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். எருமைமேல் பின்பக்கம் திரும்பி உட்காரவைத்து, எருக்கம்பூ மாலை போட்டு ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள், அடித்துப் புண்ணில் மிளகாய்ப் பொடி தடவினார்கள் என்று மரபு சொல்கிறது. ஃபூக்கோ தன் 1975ஆம் ஆண்டுத் தண்டனை வரலாற்றைப் பாரிஸில் 1757இல் தமியான் என்பவன் பகிரங்கமாகச் சித்திரவதை செய்யப்பட்ட காட்சியோடு தொடங்குகிறார். மன்னனின் அதிகாரம் குற்றவாளியின் உடல்மேல் ஊரறிய எழுதப்படுகிறது என்பது அவர் வாதம். ஐந்து வருஷம் முன்னால் திருவிதாங்கூரில் நடந்ததும் அதுதான். ஆனால் இங்கே ஒரு கூடுதல் விஷயம் இருக்கிறது. பாரிஸில் உடலைச் சிதைத்தார்கள். இங்கே சிதைப்பதற்கு முன்னால் சாதியிலிருந்து இறக்கினார்கள். எருமையும் எருக்கும் அந்த இறக்கத்தின் குறிகள்.

தமிழ் படித்தவனுக்கு எருக்கம்பூ என்றதும் மடலூர்தல் நினைவுக்கு வரும். பனைமடலில் குதிரை செய்து, எருக்கங்கண்ணி சூடி, தெருவில் இறங்குவேன் என்கிறான் குறுந்தொகைத் தலைவன். தன் மானத்தைத் தானே தெருவில் போட்டு, எனக்குரியவளைக் கொடு என்று ஊரைக் கேட்கும் செயல் அது. அவமானம் அங்கே ஒரு உரிமைக் கோரிக்கை. அரசு சூட்டிய எருக்கமாலையைத் தேவசகாயத்தின் கதை சொல்லிகள் இப்படித்தான் புரட்டிப்போட்டார்கள். இறக்கிக் காட்டவே ஊர்வலம் விட்டார்கள். போன ஊரெல்லாம் ஜனங்கள் அவரைப் பார்க்கக் கூடினார்கள்.

புலியூர்க்குறிச்சியில் தாகத்துக்குத் தண்ணீர் கிடைக்காதபோது அவர் முழங்கையால் இடிக்கப் பாறையில் நீர் ஊறியது என்பது ஐதீகம். முட்டிடிச்சான் பாறை என்று அந்த இடத்துக்குப் பெயர். அற்புதம் நடந்ததா என்பது என் வேலையில்லை. மக்கள் எதை அற்புதமாக நினைவு வைத்தார்கள் என்பதுதான் கேள்வி. தொட்டால் தீட்டு, கிணற்றுக்கு வந்தால் தீட்டு என்ற நாட்டில், யாருடைய கிணறும் அல்லாத ஒரு தண்ணீரை நினைவு வைத்தார்கள். துன்பத்தின் நடுவே அவர்கள் கண்ட ஆசீர்வாதத்தின் வடிவம் அது. எல்லாரும் குடிக்கலாம். நீட்ஷேவின் வன்மத்தை இதில் என்னால் காண முடியவில்லை.

4

இதுவரை சுலபம். துன்புறுத்தியவன் வெளியே இருந்தான், மன்னனாக இருந்தான். சபை தன் தியாகியைக் கொண்டாடுவதில் சிக்கல் இல்லை. சிக்கல் வடக்கன்குளத்தில் தொடங்குகிறது.

தேவசகாயம் ஞானஸ்நானம் பெற்ற அதே ஊரில், 1872இல் கட்டிய திருக்குடும்பக் கோயிலுக்கு இரண்டு கூடங்கள். ஒன்று வெள்ளாளக் கிறிஸ்தவர்களுக்கு, இன்னொன்று நாடார் கிறிஸ்தவர்களுக்கு. கால்சட்டையின் இரு கால்கள் இடுப்பில் சேர்வதுபோல இரண்டும் பீடத்தில் சேரும். பீடம் தெரியும், பக்கத்தில் இருப்பவன் தெரியமாட்டான். 1910இல் கௌசானல் சாமியார் தடுப்புச் சுவரை இடித்தார். மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். சுவரும் தனி இடமும் தங்கள் பாரம்பரிய உரிமை என்ற அந்த வாதம், மைக்கேல் பிள்ளை - பிஷப் பார்த் வழக்காகச் சென்னை உயர் நீதிமன்றம் வரை போய்த் தோற்றது. தங்கள் சுவர் இடிபட்டதையும் அவர்கள் ஒரு துன்பமாகத்தானே அனுபவித்திருப்பார்கள்? துன்பம் என்ற சொல்லை யாரும் எடுத்துக்கொள்ளலாம். 'நீதிக்காக' என்ற நிபந்தனை உதிர்ந்தால் வருகிற ஆபத்து இது.

சுவர் அங்கே போனதே தவிர மற்ற இடங்களில் போகவில்லை. பாமாவின் 'கருக்கு' 1992இல் வந்தபோது கிறிஸ்தவத்துக்குள் சாதியா என்று அதிர்ந்தவர்கள் நடித்தார்கள் என்றே நினைக்கிறேன். திருச்சி மேலப்புதூர் கல்லறையில் செத்தவர்களையும் பிரித்த சுவரை 2010இல் இடிக்கப் போனார்கள். எறையூரில் தனிப் பங்கு கேட்ட தலித் கிறிஸ்தவர்கள் 2008 மார்ச்சில் தாக்கப்பட்டார்கள். தாக்கியவர்கள் அதே கோயிலில் நன்மை வாங்கும் வன்னியக் கிறிஸ்தவர்கள். அன்றைய போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு உயிர் போனது. இந்தத் துன்பத்துக்குப் பண்டிகை நாள் கிடையாது. ஏனென்றால் துன்புறுத்தியவன் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான்.

தேவசகாயத்தின் பெயரே ஒரு சான்று. அவரைப் பிள்ளை என்ற சாதிப் பெயரோடு புனிதராக்கக் கூடாது என்று சபைக்குள்ளிருந்தே குரல் எழுந்த பிறகுதான், 2022இல் வாசிக்கப்பட்ட பெயரில் பிள்ளை இல்லாமல் போனது. சாதியை விட்டதற்காகச் செத்தவருக்குச் சாதி நீங்க 270 வருஷம் ஆகியிருக்கிறது.

5

அரசு என்ன செய்தது? 1950 ஆகஸ்ட் 10ஆம் தேதி வந்த குடியரசுத் தலைவர் ஆணை, இந்து அல்லாதவர் பட்டியல் சாதியினர் ஆகமாட்டார் என்றது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவரும் முஸ்லிமும் வெளியே. 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் மத நிபந்தனையை நீக்கச் சொன்னது. 2022 அக்டோபரில் இன்னொரு ஆணையம் போட்டார்கள்.

சூசை வழக்கை இந்த இடத்தில் சொல்ல வேண்டும். சென்னையில் சாலையோரம் செருப்புத் தைத்தவர் அவர். ஆதிதிராவிடராகப் பிறந்து கிறிஸ்தவரானவர். பட்டியல் சாதித் தொழிலாளர்களுக்கு அரசு இலவசமாகக் கொடுத்த பங்க் கடை, கிறிஸ்தவர் என்பதால் அவருக்கு இல்லை என்றானது. 1985 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. மதம் மாறிய பிறகும் அதே அளவு கொடுமை தொடர்கிறது என்பதற்கு ஆதாரமான ஆய்வு எதுவும் முன்வைக்கப்படவில்லை என்பது காரணம். மேலிருந்து கீழே பார்த்தால் சூசைக்கு என்ன நடக்கிறது? சபை அவரிடம் உன் துன்பம் பாக்கியம் என்கிறது. நீதிமன்றம் உன் துன்பத்தை நிரூபி என்கிறது. இரண்டுமே 'யாரால்?' என்று கேட்கவில்லை.

இது எனக்கு வெறும் சட்டப் பிரச்சினை இல்லை. வேதத்தில் சேராத பெரிய தாத்தாவின் பேரன் சான்றிதழில் ஆதிதிராவிடர். என் சான்றிதழில் பிற்படுத்தப்பட்டவன். ஒரே லைனில் அடுத்தடுத்த வீடு, ஒரே மேஸ்திரியின் வசவு.

6

அப்படியானால் பாக்கியம் என்பதே ஏமாற்று என்று முடித்துவிடலாமா? இருபது வயதில் முடித்திருப்பேன். வரலாறு அப்படி முடிக்க விடவில்லை. திருவிதாங்கூரில் தோள்சீலை போட்டதற்காகச் சந்தையில் துணி கிழிக்கப்பட்ட நாடார் கிறிஸ்தவப் பெண்கள் 1822 முதல் 1859 வரை அடிபட்டார்கள். அவர்களின் ஜெபக்கூடங்கள் எரிக்கப்பட்டன. பொறுத்துக்கொண்டு பரலோகத்துக்குக் காத்திருந்தார்களா? மறுபடி மறுபடி ரவிக்கை போட்டுக்கொண்டு சந்தைக்குப் போனார்கள். 1859 ஜூலை 26ஆம் தேதிப் பிரகடனம், மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடாவது, மாரை மறைக்கும் உரிமையைத் தந்தது. கடவுளின் பிள்ளைகள் என்று தங்களைப் பற்றி அவர்கள் கேட்ட சேதி இல்லாமல் அந்தப் பிடிவாதத்தை விளக்க முடியாது. இது பேறு. வலிக்குப் பிறகு கையில் வந்தது.

மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்த தியாபிலஸ் அப்பாவு, நம்மில் பலருக்குப் பரட்டை அண்ணன், 'ஒரு உலை' என்று பேசினார். எல்லாரும் ஒரே உலையில் பொங்கிச் சாப்பிடுவதுதான் நற்கருணையின் அர்த்தம் என்று நாட்டுப்புற மெட்டில் பாடிக் காட்டினார். ஆசீர்வாதத்தை வானத்திலிருந்து அடுப்படிக்கு இறக்கிய இறையியல் அது. முட்டிடிச்சான் பாறையின் தண்ணீருக்கும் இந்த உலைக்கும் தூரம் அதிகமில்லை.

ஆயாவின் பாக்கியம் இதில் எங்கே நிற்கிறது என்று இன்னும் யோசிக்கிறேன். அவள் பொறுத்துப்போனாள், உண்மை. ஆனால் 'யாராச்சும் அடிச்சிருக்காங்களா' என்று கேட்டவளும் அவள்தான். துன்பத்துக்கு அடிக்கிற கை ஒன்று உண்டு என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. அந்தக் கையின் பெயரைக் கோயிலில் வைத்துச் சொல்லலாம் என்று யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை, நானும்தான். அவளிடம் நீட்ஷேவைக் கொண்டுபோன நேரத்தில், எடைபோடுகிறவனின் தராசைப் பற்றிப் பேசியிருக்கலாம்.