தூளியில் துடிக்கும் கை: எல்லாமே வலிப்பா?

இன்னிக்கு எபிசோடு எங்க வீட்டுத் தூளியிலிருந்து தொடங்குது.

அக்கா திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனியில செக்கிங் வேலை. குழந்தை பிறந்து மூணு வாரம். தூளியில தூங்கும்போது அவனுக்கு ரெண்டு கையும் வெடுக் வெடுக்னு துடிச்சுது. "ஜன்னிடா கண்ணு"ன்னு அம்முச்சி ஓடிவந்து அவன் கையில சாவிக்கொத்தை வெச்சாங்க. முதல்ல போன கிளினிக்கில் வலிப்பு மருந்து எழுதினாங்க. அக்கா ராத்திரி முழுக்க அழுதுட்டே இருந்துச்சு.

அடுத்துப் பார்த்த குழந்தை நரம்பியல் டாக்டர் முதல்ல கேட்டது இதுதான்: "எழுப்பினா நிக்குதுங்களா?" நின்றது. ஒவ்வொரு தடவையும்.

இந்தக் கேள்விக்குப் பின்னாடி ஒரு வரலாறு இருக்கு. மனித மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்ததை ஹான்ஸ் பெர்கர் 1929-ல் ஜெர்மனியில் வெளியிட்டார். அதுதான் இ.இ.ஜி. கை துடித்தாலும் மூளையில் வலிப்பு அலை இல்லை என்று காட்ட அது உதவியது. 1982-ல் கோல்டர், ஆலன் என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள், பச்சைக் குழந்தைகளுக்குத் தூக்கத்தில் மட்டும் வரும் துடிப்பைத் தனியாக விவரித்தார்கள். எழுப்பினால் நின்றுவிடும். இ.இ.ஜி. இயல்பாக இருக்கும். பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் தானாகவே மறையும். சில வலிப்பு மருந்துகள் இதை அதிகமாக்கவும் செய்யும்!

1995-ல் வந்த ஒரு ஆய்வுக் கட்டுரை இன்னும் சுவாரசியம்: தொட்டிலை மெதுவாக ஆட்டினாலே இந்தத் துடிப்பு வரும். அப்போ நம்ம தூளி?

ஆனா "தானா சரியாயிடும்"னு எல்லாத்தையும் விட்டுடவும் கூடாது. 1841-ல் இங்கிலாந்து மருத்துவர் வெஸ்ட், தன் சொந்த மகன் திரும்பத் திரும்பத் தலையைக் குனிவதைப் பற்றி லான்செட் இதழுக்குக் கடிதம் எழுதினார். சலாம் போடுவது மாதிரி இருக்கும். அது நிஜமான, ஆபத்தான வலிப்பு. விழித்தவுடன் வரிசையாக வரும். அதில் சிகிச்சை தாமதமாகக் கூடாது.

ரெண்டுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்கிறது நம்ம வேலை இல்லீங்க. போன்ல வீடியோ எடுங்க, தூங்குதா முழிச்சிருக்கான்னு குறிச்சு வைங்க, டாக்டர்கிட்ட காட்டுங்க. கொடுத்துட்டிருக்கிற மருந்தை நீங்களா நிறுத்தாதீங்க.

மருமகனுக்கு இப்போ ரெண்டு வயசு. அந்தச் சாவிக்கொத்துதான் அவனுக்குப் பிடிச்ச பொம்மை.