நான்சென் கடவுச்சீட்டு

முதல் உலகப் போருக்குப் பின் குடியுரிமை இழந்த அகதிகளுக்காக 1922 முதல் வழங்கப்பட்ட அடையாளச் சான்று. எந்த அரசும் தன் குடிமகன் என்று சொல்லாத ஒருவருக்காகப் பல அரசுகள் உடன்பட்டு ஏற்றுக்கொண்ட முதல் பயண ஆவணம் இதுவே எனப் பொதுவாகக் கருதப்படுகிறது. இதை முன்மொழிந்த நார்வே நாட்டவர் ஃபிரித்யோஃப் நான்செனின் (1861–1930) பெயரால் வழங்கிவருகிறது.

பின்னணி

1914க்கு முன் மேற்கு ஐரோப்பாவின் பெரும்பகுதியில் கடவுச்சீட்டு இல்லாமலே எல்லை கடக்க முடிந்தது. போர்க்காலத்தில் வந்த சோதனைகள் போர் முடிந்தும் நீங்கவில்லை. 1920இல் பாரிசில் கூடிய மாநாடு கடவுச்சீட்டுக்கு ஒரே மாதிரியான வடிவத்தை வகுத்ததும் அந்த வழக்கம் நிலைபெற்றுவிட்டது.

அதே ஆண்டு நவம்பரில் ருஷ்ய உள்நாட்டுப் போரில் தோற்ற தளபதி ராங்கலின் படையினரும் அவர்களோடு சேர்ந்த பொதுமக்களுமாக ஏறக்குறைய 1,46,000 பேர் கிரீமியாவிலிருந்து 126 கப்பல்களில் கான்ஸ்டான்டிநோபிள் நோக்கிப் புறப்பட்டனர். போலந்து, பின்லாந்து, மஞ்சூரியா வழியாக வெளியேறியவர்கள் தனி. மொத்தம் எத்தனை பேர் என்பதில் கருத்தொற்றுமை இல்லை. 8 லட்சத்திலிருந்து 20 லட்சம் வரை பல கணக்குகள் உள்ளன. எண்ணியவர்கள் வெவ்வேறு தேவைக்காக எண்ணியதும், ஒரே ஆள் இரண்டு ஊர்களில் பதிவானதும் இதற்குக் காரணமாகலாம். 1921 டிசம்பர் 15இல் சோவியத் அரசு ஓர் ஆணை பிறப்பித்து, அனுமதியின்றி வெளியேறியவர்களின் குடியுரிமையைப் பறித்தது. ஜார் காலத்துச் சீட்டுகள் செல்லாக்காசாயின.

நான்செனின் நியமனம்

பன்னாட்டுச் செஞ்சிலுவைக் குழுவின் தலைவர் குஸ்தாவ் அடோர், 1921 பிப்ரவரியில் பன்னாட்டுச் சங்கத்துக்கு (League of Nations) எழுதிய கடிதத்தில் ருஷ்ய அகதிகளுக்காக ஓர் ஆணையரை நியமிக்கும்படி கேட்டார். அவ்வாண்டிலேயே நான்சென் அந்தப் பொறுப்பை ஏற்றார். கிரீன்லாந்தைப் பனிச்சறுக்குக் கட்டைகளில் குறுக்கே கடந்தவர் (1888) அவர். 1895இல் வடதுருவத்தை நோக்கி நடந்து, அதுவரை எவரும் எட்டாத 86°14' அட்சம் வரை சென்று, திரும்பும் வழியில் கல்லும் வால்ரஸ் தோலும் கொண்டு கட்டிய குடிசையில் ஒரு குளிர்காலத்தைக் கழித்தார். அகதிகள் வரலாற்றுக்கும் இதற்கும் தொடர்பு குறைவுதான் என்றாலும் அவரைப் பற்றி எழுதுகிற எவரும் அந்தக் குடிசையை விட்டுவிடுவதில்லை. ஆணையராவதற்கு முன்பே அவர் முன்னின்று தொடங்கிய பணியால் 4 லட்சத்துக்கு மேற்பட்ட போர்க்கைதிகள் தாயகம் திரும்பினர்.

சங்கம் அவருக்கு அலுவலகச் செலவுக்கு மட்டுமே பணம் தந்தது, நிவாரணத்துக்குத் தரவில்லை. வால்கா பஞ்ச நிவாரணத்துக்காக அவர் மாஸ்கோவோடு பேசிவந்ததால், புலம்பெயர்ந்த ருஷ்யர்களில் பலர் அவரை நம்பவில்லை. அகதிகளைத் திருப்பி அனுப்ப அவர் முயன்றார் என்பது அன்று எழுந்த குற்றச்சாட்டு. விரும்பியவர்கள் மட்டுமே போனார்கள் என்பது அவர் தரப்பு விளக்கம். இரண்டையும் இன்றும் ஆய்வாளர்கள் மேற்கோள் காட்டுகின்றனர்.

1922ஆம் ஆண்டு ஏற்பாடு

1922 ஜூலை 3 முதல் 5 வரை ஜெனீவாவில் கூடிய அரசுப் பிரதிநிதிகள் ஒரு சான்றிதழின் மாதிரியை ஏற்றனர். இந்த யோசனை நான்செனுக்கே உரியதா, அவருடைய உதவியாளர்களிடமிருந்தும் நாடிழந்த ருஷ்ய வழக்கறிஞர்களிடமிருந்தும் வந்ததா என்பது தெளிவாகவில்லை. முதலில் ஒப்புக்கொண்ட நாடுகள் பதினாறு. பின்னர் ஐம்பதைத் தாண்டின.

ஒற்றைத் தாள். பெயர், பிறந்த தேதி, பெற்றோர் பெயர், தொழில், ருஷ்யாவில் முன்பிருந்த முகவரி, இப்போதைய முகவரி, முடியின் நிறம், கண்ணின் நிறம், மூக்கின் வடிவம், ஒரு புகைப்படம். வைத்திருப்பவர் ருஷ்யப் பூர்விகம் கொண்டவர் என்றும் வேறு குடியுரிமை பெறாதவர் என்றும் அது சான்றளித்தது. சான்று வழங்கியது பன்னாட்டுச் சங்கம் அல்ல, அகதி தங்கியிருந்த நாட்டின் அரசு. தனியாகக் குறிப்பு எழுதப்பட்டிருந்தால் ஒழிய, அதை வைத்துக்கொண்டு வழங்கிய நாட்டுக்கே திரும்பி வர முடியாது. வைத்திருப்பவர் ருஷ்ய மண்ணில் கால்வைத்தால் அது செல்லாது.

அத்தனை அரசுகள் இதற்கு அவ்வளவு விரைவில் இணங்கியதற்குக் காரணத்தை இந்த நிபந்தனைகளிலேயே தேடலாம். அகதி வெளியே போக இத்தாள் உதவியது. உள்ளே ஏற்கும் கடமையை எந்த அரசின் மேலும் சுமத்தவில்லை. திரும்பிவர உரிமையில்லாத ஒருவருக்கு அடுத்த நாடு விசா தரத் தயங்கியது. இந்தக் குறையை 1926 மே 12ஆம் தேதிய ஏற்பாடு, திரும்பிவரும் விசாவைப் பரிந்துரைத்து ஓரளவு சரிசெய்தது.

வில்லையும் வேலையும்

அதே 1926 ஏற்பாட்டில் பிறந்தது நான்சென் வில்லை. ரெவின்யூ ஸ்டாம்பு போலச் சான்றில் ஒட்ட வேண்டிய சிறு தாள். விலை 5 பொன் பிராங்க். வசதியில்லாதவர்களுக்கு விலக்கு உண்டு. திரண்ட பணம் வேறு அகதிகளின் பயணத்துக்கும் குடியமர்வுக்கும் போனது. அரசுகள் தர மறுத்த நிதியை அகதிகளிடமே திரட்டிய ஏற்பாடு என்றும் இதைச் சொல்லலாம். நான்செனின் முகம் பொறித்த வில்லைகள் இன்று தபால்தலை சேகரிப்பாளர்களிடம் உள்ளன.

1925 முதல் 1929 வரை அகதிகளுக்கு வேலை தேடித்தரும் பொறுப்பு பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பிடம் இருந்தது. போரில் ஆண்களைப் பெருமளவில் இழந்த பிரான்சுக்குக் கைகள் தேவைப்பட்டன. பாரிசை அடுத்த பில்லன்கூரில் ரெனோ மோட்டார் தொழிற்சாலையிலும் நகரத்து டாக்சிகளிலும் முன்னாள் அதிகாரிகள் வேலைக்கு அமர்ந்தனர். 1930களின் பொருளாதார மந்தத்தில் அயல்நாட்டுத் தொழிலாளர்கள் மீது கட்டுப்பாடுகள் வந்தபோது முதலில் அடிபட்டவர்களில் இவர்களும் அடங்குவர்.

விரிவும் விலக்கும்

ஆர்மீனியர்களுக்கு 1924இலும், அசிரியர்களுக்கும் துருக்கிய அகதிகளில் ஒரு பிரிவினருக்கும் 1928இலும் இச்சான்று நீட்டிக்கப்பட்டது. ஆர்மீனியர்களை எரவான் பகுதியில் குடியமர்த்த நான்சென் வகுத்த திட்டம் கடன் கிடைக்காமல் கைவிடப்பட்டது.

அகதி யார் என்பதை இந்த ஏற்பாடுகள் பொதுவாக வரையறுக்கவில்லை. இன்ன இனத்தவர், இன்ன நாட்டவர் என்று பெயர் சொல்லியே சேர்த்தன. எனவே 1933இல் ஜெர்மனியிலிருந்து யூதர்கள் வெளியேறத் தொடங்கியபோது அவர்கள் இதற்குள் வரவில்லை. ஜெர்மனியைப் பகைத்துக்கொள்ளாத வகையில் சங்கத்துக்கு வெளியே தனி ஆணையர் நியமிக்கப்பட்டார். அப்பொறுப்பிலிருந்த ஜேம்ஸ் மெக்டொனால்டு 1935 டிசம்பரில் பகிரங்கக் கடிதம் எழுதி விலகினார்.

வைத்திருந்தவர்கள்

சுமார் 4,50,000 பேர் பெற்றனர் என்பது பலரும் தரும் எண். புதுப்பித்தவை இதில் சேர்ந்தனவா என்பதில் ஐயம் உண்டு. இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கி, ஓவியர் ஷகால், எழுத்தாளர் நபோக்கோவ் ஆகியோர் பெயர்கள் எல்லாப் பட்டியல்களிலும் இடம்பெறும். இச்சீட்டின் நோய்பிடித்த பச்சை நிறத்தையும் அதைக் கண்டதும் அதிகாரிகள் காட்டிய இளக்காரத்தையும் நபோக்கோவ் தம் நினைவுக் குறிப்புகளில் கசப்போடு பதிவு செய்திருக்கிறார். பட்டியல்களில் வரும் மற்றோர் இசையமைப்பாளர் ராக்மனினோஃப் 1943 பிப்ரவரியில் அமெரிக்கக் குடிமகனானார். அடுத்த மாதம் இறந்தார். இன்னும் சில புகழ்பெற்றோரைச் சேர்ப்பது உறுதியான சான்றின்றி வழங்கிவருகிறது. தையற்காரர்களும் சுரங்கத் தொழிலாளர்களும் ஷாங்காய் ருஷ்யர்களும் பெயர்களாகக் கிடைப்பதில்லை.

1930க்குப் பின்

நான்சென் மறைந்தபின் 1931இல் அவர் பெயரில் பன்னாட்டு அலுவலகம் தொடங்கியது. 1933ஆம் ஆண்டு உடன்படிக்கை அகதியை எல்லையில் திருப்பித் தள்ளக்கூடாது என்றது. சில நாடுகளே ஏற்புறுதி அளித்தன. அலுவலகம் 1938இல் அமைதிக்கான நோபல் பரிசைப் பெற்றது. அவ்வாண்டு இறுதியில் மூடப்பட்டது. பணிகளை ஏற்ற புதிய ஆணையர், அப்போதுதான் பஞ்சாப் ஆளுநர் பதவியிலிருந்து விலகியிருந்த ஹெர்பர்ட் எமர்சன்.

1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கை இச்சான்றுக்குப் பதிலாக வேறு பயண ஆவணத்தைக் கொண்டுவந்தது. 1926, 1928 ஏற்பாடுகள் இன்றும் அதன் முதல் பிரிவில் பெயரளவில் உள்ளன.

தெற்காசியா

இந்தியாவும் இலங்கையும் 1951ஆம் ஆண்டு உடன்படிக்கையிலும் நாடற்றோர் நிலை குறித்த 1954ஆம் ஆண்டு உடன்படிக்கையிலும் சேரவில்லை. இலங்கையின் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களான மலையகத் தமிழர்களின் நிலை, 1964இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தில் 9,75,000 பேரைக் கணக்கில் கொண்டு பேசப்பட்டது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேர் பற்றிப் பின்னர் முடிவெடுப்பது. எஞ்சியோருக்காக இலங்கை 2003இல் தனிச் சட்டம் இயற்றியது. திபெத்திய அகதிகளுக்கு இந்தியா வழங்கும் அடையாளச் சான்று, நோக்கில் நான்சென் சீட்டை ஒத்தது எனலாம்.

நாடற்ற நிலையை ஒழிக்க ஐ.நா. அகதிகள் ஆணையம் 2014இல் தொடங்கிய பத்தாண்டு இயக்கம் 2024இல் முடிந்தது. அப்போது கணக்கில் வந்த நாடற்றோர் ஏறக்குறைய 44 லட்சம். மியான்மரின் 1982ஆம் ஆண்டுச் சட்டத்தால் விலக்கப்பட்ட ரோஹிங்கியாக்கள் இவர்களில் பெரும்பிரிவினர். வங்கதேச முகாம்களில் அவர்களுக்குத் தரப்படும் பதிவு அட்டை பயண ஆவணம் அன்று.