தீயை மறவாத மண்

அடுப்பின் நெருப்பு அணைந்தால் சாம்பல் எஞ்சும். அச்சாம்பலையும் காற்றும் மழையும் கொண்டு போய்விடும். நூற்றாண்டுகள் பல கடந்தபின், அங்கே ஒரு காலத்தில் தீ எரிந்தது என்று சொல்ல யார் இருக்கிறார்கள்? மண் இருக்கிறது, நேயர்களே! அதன் சாட்சியத்தைக் கேட்க மனிதன் கற்றுக்கொண்ட வரலாற்றை இன்று காண்போம்.

ஏறக்குறைய எல்லா மண்ணிலும் இரும்பு ஆக்ஸைடுகள் கலந்துள்ளன. செந்நிறம் தரும் ஹேமடைட்டைக் காந்தம் மிகச் சிறிதே ஈர்க்கும். கருநிற மாக்னடைட்டையோ வலிந்து இழுக்கும். ஒரு பொருள் காந்தப் புலத்துக்கு எந்த அளவு இசைந்து தானும் காந்தமாகிறது என்பதையே காந்த ஏற்புத்திறன் என்கிறோம். மாறுதிசை மின்னோட்டம் பாயும் கம்பிச்சுருளுக்குள் ஒரு சிமிழ் மண்ணை வைத்தால், மின்சுற்றின் அதிர்வெண் சற்றே மாறும். அம்மாற்றத்திலிருந்து ஏற்புத்திறனைக் கணிக்கலாம். மண்ணைக் கரைக்கவோ எரிக்கவோ வேண்டுவதில்லை.

1955-ஆம் ஆண்டில் லெ போர்ஞ் என்னும் பிரெஞ்சு அறிஞர் ஒரு புதுமையை வெளியிட்டார். அடிமண்ணைவிட மேல்மண்ணுக்குக் காந்த ஏற்புத்திறன் மிகுதியாக இருப்பதை அவர் கண்டிருந்தார். இரண்டும் ஒரே பாறையிலிருந்து பிறந்தவையாயின் இவ்வேற்றுமை எங்ஙனம் வந்தது? தீ இதற்கு ஒரு காரணம் என்று 1960-இல் அவர் விளக்கினார். சருகும் வேரும் எரியும்போது மண்ணுக்குள் ஆக்ஸிஜன் குறைகிறது. ஹேமடைட் மாக்னடைட்டாக மாறுகிறது. ஆறும்போது காற்று மீண்டும் புகுந்து அதனை மாகெமைட் ஆக்குகிறது. அதுவும் வலிய காந்தப் பண்புடையதே. மண் மாறி மாறி நனைந்து உலர்வதாலும் இத்தகைய மாற்றம் நிகழ்வதுண்டு.

இதே காலத்தில் இங்கிலாந்தில் வேறொரு கவலை எழுந்தது. வாட்டர் நியூட்டன் என்னும் ஊருக்கருகே, ரோமானியர் காலத்தில் மட்பாண்டத் தொழிலுக்குப் பேர்பெற்ற துரோபிரிவே நகரம் இருந்தது. அவ்வழியே செல்லும் பெருஞ்சாலையை விரிவாக்க ஏற்பாடாயிற்று. புதைந்துள்ள சூளைகளைச் சாலைப் பணி அழித்துவிடுமே! நிலம் முழுவதையும் தோண்டிப் பார்க்கவோ காலம் போதாது.

ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த மார்ட்டின் எய்ட்கன் இதற்கு ஒரு வழி கண்டார். செந்தழலாய்க் காய்ந்த சூளைச் சுவர் ஆறும்போது, அன்றைய புவிக்காந்தத்தின் திசையையே தன்னுள் நிலைநிறுத்திக் கொள்கிறது. புதைந்த சூளை ஒரு வலுக்குறைந்த நிலைக்காந்தம். அதனை அறியப் புரோட்டான் காந்தமானியை அவர் பயன்படுத்தினார். நீர் நிறைந்த சிறு புட்டி. அதனைச் சுற்றிக் கம்பிச்சுருள். மின்னோட்டத்தைச் செலுத்தி நிறுத்தினால், நீரிலுள்ள புரோட்டான்கள் புவிக்காந்தப் புலத்தில் விநாடிக்கு ஏறத்தாழ 2,000 முறை சுழன்றாடும். புலம் சிறிது வேறுபட்டாலும் அவ்வெண் வேறுபடும்.

1958-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் அந்நிலத்தில் அளந்து சென்றனர். அளவு பிறழ்ந்த இடத்தைத் தோண்டியபோது ரோமானியர் சூளை வெளிப்பட்டது! சூளைகளே அன்றி, மண் மூடிய பழங்குழிகளும் தம்மைக் காட்டிக் கொடுத்தன. குழியில் தீ எரியவில்லையே என்று வியக்கலாம். குழிகளை நிரப்பியது காந்த ஏற்புத்திறன் மிகுந்த மேல்மண் என்பதை நினைவுகூர்ந்தால் வியப்பு நீங்கும். பிரெஞ்சு அறிஞர் கண்ட உண்மை இங்கிலாந்து வயலில் பயன் தந்தது.

இன்று இம்முறையின் பயன்கள் பலவாகப் பெருகியுள்ளன. ஏரிப் படிவின் காந்தப் பண்பைக் கொண்டு, மழைநீர் அரித்து வந்தது மேல்மண்ணா அடிமண்ணா என்று ஆராய்கின்றனர். சீனத்து லோயஸ் மண்ணடுக்குகளில், மழை மிக்க பழங்காலங்கள் உயர்ந்த ஏற்புத்திறனாகப் பதிந்துள்ளன. கண்ணிவெடி தேடுவோர்க்கும் இவ்வறிவு இன்றியமையாதது. இரும்புச் சத்து மிகுந்த மண் உலோகம் காட்டும் கருவியை ஏமாற்றக்கூடும்.

ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. வேலியிலிருந்து விழுந்த ஓர் இரும்புத் துண்டும் காந்தமானியை அசைக்கும். கருவி தருவது ஓர் எண்ணே. அது சூளையா துருப்பிடித்த ஆணியா என்பதைத் தேர்ந்து தெளிவது மனிதனின் கடமை. கேட்கத் தெரிந்தவனுக்கே மண் தன் கதையைச் சொல்லும்.