பின்னிருக்கைப் பிரயாணியின் சரித்திரம்

மோட்டார் வாகனங்களின் சரித்திரத்தை எழுதுவோர், அவற்றை உற்பத்தி செய்த முதலாளிகளையும் பந்தயங்களில் ஓட்டி வெற்றி கண்ட கனவான்களையுமே பெரும்பாலும் போற்றுகின்றனர். நுவரெலியாவை அடுத்த மகாகஸ்தோட்டையில் 1934இல் தொடங்கிய மலையேற்றக் கார்ப் பந்தயம் அவ்வாறு புகழ்பெற்ற ஒன்று. அதே மலைநாட்டில் கொழுந்து பறித்து, அத்தகைய கார்களுக்கான செல்வத்தைக் குவித்துக் கொடுத்தவர்கள் அந்தச் சரித்திரத்தில் இல்லை. பழுதான யந்திரத்துக்கு உயிர் கொடுத்த தொழிலாளி இல்லை. பின்னிருக்கையில் அமர்ந்து சென்ற பெண்ணும் குழந்தையும் இல்லை.

1958இல் வெளிவந்த ஒஸ்ரின் ஹீலி ஸ்பிரைட் என்னும் சிறிய பந்தயக் காரின் மூடியைத் திறந்து பார்ப்போம். உள்ளே இருப்பது 948 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுள்ள நான்கு சிலிண்டர் யந்திரம். கொழும்பில் ஆசிரியர்களும் குமாஸ்தாக்களும் ஓட்டிய, வாடகைக்கும் ஓடிய மொரிஸ் மைனரில் 1956 முதல் இருந்ததும் அதே குடும்பத்து யந்திரந்தான். கனவானின் காரில் இரண்டு காபரேற்றர். குமாஸ்தாவின் காரில் ஒன்று. வார்ப்பிரும்பு ஒன்றே.

1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி வறண்டபோது, அரசாங்கம் கார் இறக்குமதியை இறுக்கியது. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்படும்வரை, இருந்த கார்களைக் கொண்டே காலம் தள்ள வேண்டியிருந்தது. பஞ்சிகாவத்தையில் பழைய உதிரிப்பாகங்களின் சந்தை தழைத்தது. கொட்டாஞ்சேனை முதல் வெள்ளவத்தை வரை, கராச்சுகளில் 'பாஸ்' என அழைக்கப்பட்ட கைவினைஞர்களே கார்களின் ஆயுளை நிர்ணயித்தனர். தேய்ந்து வட்டம் குலைந்த சிலிண்டரை, அங்குலத்தின் ஆயிரத்தில் இருபது பங்கு அகலமாகக் கடைந்து, அதற்கேற்ற பெரிய பிஸ்டனை இட்டனர். கிராங் தண்டை அரைத்து மெல்லியதாக்கி, தடித்த பெயாரிங்குகளைப் பொருத்தினர். சிலிண்டரின் சுவர் மெலிந்து இனிக் கடைய இயலாது என்ற நிலையில் புதிய உறையைச் செருகினர். 1990களில் மைனர் காரின் தகட்டுப் பாகங்கள் இலங்கையில் செய்யப்பட்டுப் பிரிட்டனுக்கே ஏற்றுமதியாயின என்பது இத்திறனுக்குச் சான்று. 2020 முதல் 2025 வரை இறக்குமதி மீண்டும் தடைப்பட்டபோதும், பழைய கார்களைத் தாங்கியது அதே கைகள்தாம்.

ஆனால், கைத்திறனால் மட்டும் தீராத குறை ஒன்று அக்கார்களில் இருந்தது. பின்னிருக்கையில் ஆசனப்பட்டி இல்லாமலே அவை பிறந்தன.

அறிவு இல்லாமையா காரணம்? அன்று. சுவீடனின் வோல்வோ கம்பெனியில் நில்ஸ் போலின் உருவாக்கிய மும்முனைப் பட்டி 1959இலேயே கார்களில் வந்துவிட்டது. அதை எல்லாக் கம்பெனிகளும் கட்டணமின்றிப் பயன்படுத்தவும் அனுமதி கிடைத்தது. எனினும் பிரிட்டனில் முன்னிருக்கையில் பட்டி அணிவது 1983இலும், பின்னிருக்கையில் வளர்ந்தோர் அணிவது 1991இலுமே சட்டமாயின. முன்னவருக்கும் பின்னவருக்கும் இடையே எட்டு ஆண்டுகள்!

மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் உடல் அரை மீற்றர் தூரத்துக்குள் நிறுத்தப்படுமாயின், அதன்மீது எடையைப் போல் ஏறத்தாழ இருபது மடங்கு விசை தாக்குகிறது. 30 கிலோ எடையுள்ள குழந்தைக்கு அது 600 கிலோ. தாயின் கரங்கள் அதைத் தாங்குமா? பழைய காரின் மெல்லிய தரைத்தகட்டில் துளையிட்டுப் பட்டியை முடுக்கினாலும் போதாது. விசையைப் பரப்பும் தடித்த இரும்புத் தகட்டை அடியில் வைத்து வலுவூட்ட வேண்டும். யந்திரம் கழற்றப்பட்டுக் கார் கராச்சில் நிற்கும் நாளே அதற்கு உகந்த நாள். ஆனால் சொந்தக்காரர் கூலி கொடுப்பது ஓடும் யந்திரத்துக்குத்தான். கேட்கப்படாத வேலையைப் பாஸ் எப்படிச் செய்வார்?

இலங்கையில் 2011இல் ஆசனப்பட்டி கட்டாயமாக்கப்பட்டபோதும் விதி முன்னிருக்கையோடு நின்றது. 2025இல் விரைவுச்சாலைகளில் எல்லாப் பிரயாணிகளுக்கும் பட்டி வேண்டும் என்ற அறிவிப்பு வந்தது. வரவேற்போம். ஆனால் விரைவுச்சாலைக்கு ஒரு நியாயம், காலி வீதிக்கு வேறொரு நியாயமா?

யந்திரத்தைக் காக்க இறக்குமதித் தடையின் நெருக்கடி போதுமானதாயிருந்தது. பின்னிருக்கையிலுள்ள மனிதரைக் காக்கச் சட்டம் வேண்டும்; அச்சட்டத்தைக் கோரும் மக்கள் குரலும் வேண்டும். அக்குரல் நம் வகுப்பறைகளிலிருந்து எழட்டும்.