பாதிக் கூலியின் மறுபாதி

தொழிலாளி வேலையை நிறுத்தினால் வேலைநிறுத்தம். முதலாளி ஆலையைப் பூட்டினால் கதவடைப்பு. ஆளை ஒரேயடியாக அனுப்பிவிட்டால் ஆட்குறைப்பு. பெயர்ப் பட்டியலில் ஆளை வைத்துக்கொண்டே, "இன்றைக்கு வேலை இல்லை, போய் வா" என்று திருப்பி அனுப்புவதற்கு மட்டும் தமிழில் ஒரு சொல் நிலைக்கவில்லை. ஆலைக்காரர்கள் 'லே-ஆஃப்' என்றே சொல்லிப் பழகிவிட்டார்கள். ஆங்கிலத்தில் வந்த சட்டத்தோடு சொல்லும் வந்தது.

அந்தச் சட்டத்துக்கு ஒரு நாள் உண்டு: 1953 அக்டோபர் 24. துணி விற்காமல் தேங்கி ஆலைகள் ஷிப்டுகளைக் குறைத்துக்கொண்டிருந்த நேரம். வி.வி. கிரி ஒன்றிய அரசின் தொழிலாளர் அமைச்சர். அவசரச் சட்டம் ஒன்று வந்து, அதுவே 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டத்தில் புதிய அத்தியாயமாகச் சேர்ந்தது. நிலக்கரி, மின்சாரம், மூலப்பொருள் தட்டுப்பாடு, சரக்குத் தேக்கம், இயந்திரப் பழுது போன்ற காரணங்களால் வேலை தர முடியாமல் போனால், அடிப்படைக் கூலியிலும் பஞ்சப்படியிலும் பாதியை முதலாளி ஈட்டுத்தொகையாகத் தர வேண்டும். வெறுங்கையோடு திருப்பி அனுப்பப்பட்டவர்களுக்கு இது பெரிய வெற்றிதான். அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன்.

ஆனால் யாருக்கு? ஆலையில் 50 பேராவது இருக்க வேண்டும். ஓராண்டு தொடர்பணி வேண்டும், அதாவது 12 மாதத்தில் 240 நாள். பதிலியாக வருபவர்களுக்கும் தற்காலிகக் கூலிகளுக்கும் கிடையாது. பருவகாலத் தொழிலுக்கும் கிடையாது. அது பருவகாலத் தொழிலா என்பதில் ஐயம் வந்தால் அரசு சொல்வதே முடிவு. ஐப்பசி மழையில் உப்பளம் நின்றுபோகும்போது தூத்துக்குடிப் பெண்களும், வீட்டுத் திண்ணையில் இலை நறுக்கிப் பீடி சுற்றுபவளும், சிறு பட்டறையில் தீப்பெட்டி ஒட்டுபவளும் இந்த நிபந்தனைகளில் ஏதோ ஒன்றில் தடுக்கி வெளியே நிற்பார்கள். சட்டம் பெண்ணை வேண்டாம் என்று எங்கும் சொல்லவில்லை. பெண்கள் எங்கே நிறைந்திருந்தார்களோ அங்கே தன் எல்லைக்கோட்டைப் போட்டது.

ஆலைக்குள்ளும் அவள் குறைந்துகொண்டிருந்தாள். பம்பாய்ப் பஞ்சாலைகளில் ஒரு காலத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் பெண். நூல் சுற்றும் பிரிவுகளில்தான் அவர்கள் பெரும்பாலும் இருந்தார்கள். இரவு வேலைத் தடையும் பகுத்தறிவாக்கம் என்ற பெயரில் வந்த ஆள் குறைப்பும் அவர்களை வெளியேற்றின. 1953இன் பாதுகாப்பு வந்தபோது, பாதுகாக்கப்படுவதற்கு உள்ளே மிஞ்சியிருந்த பெண்கள் குறைவு.

240 நாள் கணக்கை மட்டும் எடுத்துக்கொள்வோம். மகப்பேற்று விடுப்பையும் வேலை நாளாகச் சேர்க்கலாம் என்றது பழைய சட்டத்தின் பிரிவு. ஆனால் 12 வாரத்துக்கு மேல் சேர்க்க விடவில்லை. 2017இல் மகப்பேற்று விடுப்பு 26 வாரமானது. தொழில் தகராறுகள் சட்டத்தின் 12 வாரத்தை யாரும் தொடவில்லை. ஒரு சட்டம் தந்த விடுப்பை இன்னொரு சட்டம் வராத நாளாக எழுதிக்கொண்டது.

ஈட்டுத்தொகைக்குத் தகுதி பெற்றவரும் நாளுக்கு ஒரு முறையாவது குறித்த நேரத்தில் ஆலைக்கு வந்து தலைகாட்ட வேண்டும். வந்து இரண்டு மணி நேரத்துக்குள் வேலை தரப்படாவிட்டால்தான் அன்று லே-ஆஃப். அதே முதலாளி ஐந்து மைலுக்குள் வைத்திருக்கும் வேறோர் ஆலையில், தனித்திறனோ முன்னனுபவமோ தேவைப்படாத வேலையை அதே கூலிக்குத் தந்தால் மறுக்கக்கூடாது என்றது பழைய சட்டம். மறுத்தால் பணம் இல்லை. கைக்குழந்தையை அடுத்த வீட்டில் விட்டுவிட்டு வந்தவளுக்கு இரண்டு மணி நேரமும் ஐந்து மைலும் என்ன என்பது இதை எழுதியவர்களுக்குத் தோன்றியிருக்காது. அவர்கள் மனத்திலிருந்த தொழிலாளிக்கு வீட்டில் ஒருத்தி இருந்தாள்.

அவளைப் பற்றியும் பேச வேண்டும். பாதிக் கூலியை முதலாளி தருகிறார். மீதிப் பாதி எங்கிருந்து வந்தது? கணவனுக்கு லே-ஆஃப் என்றால் மளிகைக் கடையில் கடன் சொல்லப் போவது அவள். அடகுக் கடைக்குப் போவது அவள் தோடு. அரிசியைக் குறைத்துக் கஞ்சியாக்குவதும், தெருவில் இன்னும் இரண்டு வீட்டில் பாத்திரம் தேய்க்கப் போவதும் அவள்தான். தொழில் வரலாற்றில் இந்தப் பாதிக்குக் கணக்குப் புத்தகம் இல்லை. சங்கங்களின் கோரிக்கைப் பட்டியல்களிலும் நான் தேடிப் பார்த்தவரை இல்லை.

2020 மார்ச் 29இல், பொதுமுடக்கக் காலத்துக்குக் கூலியைப் பிடிக்காமல் தர வேண்டும் என்று உள்துறை அமைச்சகம் உத்தரவிட்டது. தொழிற்சாலைகள், கடைகள், வணிக நிறுவனங்களைச் சொன்ன அந்த உத்தரவு, வீட்டுவேலை செய்பவளைத் தனியே சொல்லவில்லை. மே 18 முதல் உத்தரவும் இல்லை. ஜூன் 12இல் உச்ச நீதிமன்றம், இருதரப்பும் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்றது. சங்கம் இல்லாதவள் யாரோடு உட்கார்ந்து பேசுவாள்?

அதே ஆண்டு நிறைவேறிய தொழிலுறவுக் குறியீடு 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்தது. முன்பு 100 பேர் உள்ள ஆலையே லே-ஆஃபுக்கு அரசின் அனுமதி கேட்க வேண்டும். இப்போது 300 பேர் இருந்தால் போதும் கேட்க. பழைய சட்டத்தின் 'ஒர்க்மேன்' புதியதில் 'ஒர்க்கர்' ஆகியிருக்கிறார். ஈட்டுத்தொகைக்கு 50 பேர் என்ற எண்ணும், பதிலிக்கு இல்லை என்ற வரியும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன.